நோய் வந்துபோன உடம்புக்கும் ஊசி வேண்டும்

2020 மே மாதம் பிறந்தபோது, மத்திய அரசின் கொரோனா பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் பெங்களூரு என்று இருக்கும் மாவட்டத்துக்கு அது பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் சில நாள்கூட நீடிக்கவில்லை. மே முதல் வாரத்திலேயே முதல் தொற்று பதிவானது.

அடுத்த ஆண்டு நிலைமை வேறு. 2021 மே 5 அன்று கர்நாடகத்தில் ஒரே நாளில் 50,112 பேருக்குத் தொற்று உறுதியானது. மே 21 அன்று தமிழ்நாட்டில் 36,184 பேர். இரு மாநில உச்சங்களுக்கும் இடையில் 16 நாள். அந்த 16 நாளும் கிருஷ்ணகிரியின் எல்லை நகரமான ஓசூர் இரண்டு பக்கத்து அலையிலும் நனைந்தது. காலையில் பொம்மசந்திரா, ஜிகனி, எலக்ட்ரானிக் சிட்டி என்று வேலைக்குப் போகிறவர்களும், ஆனேக்கல் பக்கமிருந்து சிப்காட்டுக்கு வருகிறவர்களும் ஒரே நெடுஞ்சாலையில் எதிரெதிரே கடக்கும் ஊர் இது. எந்த வைரஸும் இங்கே மாநில எல்லை பார்ப்பதில்லை.

அந்த அலை ஓய்ந்த ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தன் நான்காவது தேசிய ரத்த மாதிரி ஆய்வை நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் 67.6 சதவீதம் பேரின் ரத்தத்தில் கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. இதைவிட முக்கியமான எண் அதற்குள் இருக்கிறது. ஒரு ஊசிகூடப் போடாதவர்களில் 62.3 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. அதாவது பெரும்பாலான இந்தியர்களை நோய் முதலில் தொட்டது, ஊசி பிறகுதான் வந்தது. நோயே வராத உடம்பில் தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்பதுதான் மேலைநாட்டுப் பரிசோதனைகளின் முதல் கேள்வியாக இருந்தது. நம் நாட்டில் நடந்ததோ பெரும்பாலும் நோய்க்குப் பிந்தைய தடுப்பூசி இயக்கம். இதை நாம் இன்னும் சரியாக உள்வாங்கிக்கொள்ளவில்லை.

“எனக்குத்தான் ஒரு தடவை வந்துட்டுப் போயிருச்சே, இனி எதுக்கு ஊசி?” ஓசூர் பேருந்து நிலையத்தில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்கக்கூடிய கேள்வி இது. இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. நோயெதிர்ப்பு ஆய்வாளர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் மகளிர் விடுதிகளுக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

காய்ச்சலின்போது கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறது அல்லவா? அந்த நிணநீர் முடிச்சுகளில்தான் வேலை நடக்கிறது. வைரஸின் துண்டுகளைப் பார்த்த பி செல்கள் அங்கே பெருகுகின்றன. பெருகும்போது தங்கள் மரபணுவில் சிறுசிறு மாற்றங்களைச் செய்துகொள்கின்றன. வைரஸை இறுகப் பற்றும் செல் நிலைக்கிறது, பற்றாதது அழிகிறது. ஓசூரின் எந்த டூல் ரூமிலும் நடப்பது இதுதான்: கருவியைச் சாணை பிடிப்பது, அளவு பார்ப்பது, மறுபடி சாணை பிடிப்பது. காய்ச்சல் விட்டு, மூக்கு சுத்தமாகி, ஆள் ஷிஃப்டுக்குத் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் உள்ளே இந்த வேலை தொடர்கிறது.

இப்படித் தேறியவற்றில் சில செல்கள் எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்கி, நீண்ட காலம் ஆன்டிபாடி சுரந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2021இல் இதை நேரடியாகக் காட்டினார்கள். பெரும்பாலும் லேசான கொரோனா வந்து ஏழு மாதம் கழிந்த 19 பேரின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்ததில், 15 பேரிடம் அத்தகைய செல்கள் இருந்தன. மற்ற பி செல்கள் நினைவு செல்களாக ரத்தத்தில் உலவுகின்றன. கூடவே டி செல்கள். இவற்றில் ஒரு வகை மற்றச் செல்களுக்கு உதவுகிறது, இன்னொரு வகை வைரஸ் புகுந்த செல்லையே கொல்கிறது. ஆன்டிபாடி அளவு சில மாதங்களில் இறங்கும். அது இயல்பு. ஆன்டிபாடி இறங்கியது என்பதற்காகப் பாதுகாப்பே போய்விட்டதாக எண்ண வேண்டியதில்லை. நினைவு செல்கள் இருக்கின்றன.

பிறகு ஊசி எதற்கு? அந்த நினைவு செல்களை எழுப்பி, பெருக்கி, இன்னும் கூர்மையாக்குவதற்கு. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகம், கொரோனா வந்து மீண்ட 63 பேரை ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தது. அவர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் நினைவு பி செல்களும் வைரஸை முடக்கும் ஆன்டிபாடியும் பல மடங்கு உயர்ந்தன. ஆன்டிபாடிகள் உருமாறிய வைரஸ்களையும் எதிர்க்கும் அளவுக்கு முதிர்ந்திருந்தன. நோய் தொடங்கிவைத்த வேலையை ஊசி முன்னெடுத்துச் சென்றது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இதற்குத் தமிழ்நாட்டுச் சான்றும் உண்டு. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2021 பிப்ரவரி முதல் மே வரை சென்னையில் கோவாக்சின் போட்டுக்கொண்ட 114 சுகாதார, முன்களப் பணியாளர்களின் ரத்தத்தை ஆராய்ந்தது. ஏற்கெனவே கொரோனா வந்தவர்களிடம் ஒரே ஊசிக்குப் பிறகு காணப்பட்ட ஆன்டிபாடி அளவு, நோயே வராதவர்களிடம் இரண்டு ஊசிக்குப் பிறகு காணப்பட்ட அளவுக்கு இணையாக இருந்தது. தடுப்பூசிக்கு நாடே வரிசையில் நின்ற நேரம் அது. நோய் வந்தவர்களுக்கு முதலில் ஒரு ஊசி, மிச்சமாவது வராதவர்களுக்கு என்று ஒரு பங்கீடு சாத்தியமா என்று அந்த முடிவை வைத்து விவாதித்திருக்கலாம். விவாதம் ஆய்வு வட்டாரத்தைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தாலும் நடைமுறைப்படுத்த முடிந்திருக்காது. யாருக்கு நோய் வந்தது என்று சொல்லும் நம்பகமான பதிவு யாரிடமும் இல்லை.

டெல்லியின் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் கோவாக்சின் போட்டவர்களிடம் நினைவு டி செல்கள் ஆறு மாதம் வரை நிலைத்திருப்பதைக் காட்டியது. பெங்களூரு, புனே நகரங்களில் 691 பேரை வைத்து 11 நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய இன்னொரு ஆய்வு கோவிஷீல்டையும் கோவாக்சினையும் ஒப்பிட்டது. ஊசிக்கு முன்பே ஆன்டிபாடி இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துப் பார்த்ததுதான் அதன் சிறப்பு. ஆன்டிபாடி அளவில் கோவிஷீல்டு முன்னணியில் இருந்தது. ஒரே ஊசி, ஒரே மருந்து. ஆனால் உடம்பின் முன்கதையைப் பொறுத்து விளைவு வேறு. இந்த ஆய்வின் பெங்களூருப் பகுதி ஓசூரிலிருந்து 40 கி.மீ. தொலைவில் நடந்தது. அதன் சாரத்தை ஓசூரில் யாரும் ஒரு துண்டறிக்கையாகக்கூடப் போட்டுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

உலகில் இதற்குக் கிடைத்த மிக வியப்பான உதாரணம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. 2003இல் அங்கே சார்ஸ் வந்தபோது 238 பேர் பாதிக்கப்பட்டார்கள், 33 பேர் இறந்தார்கள். உயிர்பிழைத்தவர்களில் 23 பேரின் ரத்தத்தை 17 ஆண்டு கழித்து டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். சார்ஸ் வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் அப்போதும் இருந்தன. 2021இல் சார்ஸிலிருந்து மீண்ட எட்டுப் பேர் ஃபைசர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டபோது நடந்தது இன்னும் பெரிது. பழைய சார்ஸ், புதிய கொரோனா, அதன் உருமாற்றங்கள், வௌவால்களிலும் எறும்புத்தின்னிகளிலும் காணப்படும் உறவு வைரஸ்கள் என்று அந்தக் குடும்பம் முழுவதையும் முடக்கும் ஆன்டிபாடிகள் அவர்களிடம் உருவாகின. 18 ஆண்டுக்கு முந்தைய நோயின் நினைவை ஒரு ஊசி தட்டி எழுப்பி, அதன் எல்லையையும் விரித்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது மருத்துவமனைப் படுக்கையிலும் தெரிந்தது. ஒமிக்ரான் காலத்தின் 26 ஆய்வுகளைத் தொகுத்து ‘லான்செட்’ குழும இதழ் ஒன்று 2023இல் வெளியிட்ட கட்டுரையின் கணக்கு இது. நோய் மட்டும் வந்தவர்களுக்கு, ஓராண்டு கழித்து, தீவிர நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 74.6 சதவீதம். நோயும் வந்து ஊசியும் முழுதாகப் போட்டவர்களுக்கு 97.4 சதவீதம். மறுபடி தொற்று வராமல் தடுப்பதில் இரண்டுமே பலவீனம்தான்: முன்னதில் 24.7, பின்னதில் 41.8 சதவீதம். “ஊசி போட்டும் சளி பிடித்ததே” என்கிறவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அவர்கள் ஆக்சிஜன் படுக்கைக்குப் போகாமல் வீட்டிலேயே தேறியதும் உண்மை.

நோய் வந்தவுடனே ஊசி போட்டுவிடலாமா என்றால், அங்கேதான் நிதானம் வேண்டும். நிணநீர் முடிச்சுகளில் முதல் சுற்று வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த சுற்றைத் திணித்தால் பலன் குறையும். ரத்தத்தில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஆன்டிபாடிகளே ஊசி மருந்தைப் பிடித்து அகற்றிவிடவும் வாய்ப்பு உண்டு. 2021 மே 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், கொரோனாவிலிருந்து மீண்டவர்கள் மூன்று மாதம் கழித்துத் தடுப்பூசி போட்டால் போதும் என்று அறிவித்தது. அறிவியல்படி சரியான முடிவு. ஆனால் அந்த மே மாதத்தில் ஓசூர் தொழிலாளி ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அறையில் ஆறு பேர், எல்லோருக்கும் காய்ச்சல், ஒருவருக்கு மட்டும் பரிசோதனை. மற்ற ஐந்து பேருக்கு வந்தது கொரோனாதானா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. மூன்று மாதத்தை அவர்கள் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

எதிர்ப்பக்க உண்மை ஒன்றையும் மறைக்கக் கூடாது. நோயும் ஊசியும் எந்த வரிசையில் வந்தாலும் எப்போதும் பலமே சேரும் என்று சொல்ல முடியாது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் கண்டது இதற்கு உதாரணம். மூன்று ஊசி போட்டவர்களில், தொடக்க காலத்து வூகான் வகைக் கொரோனா முன்பே வந்திருந்தவர்களுக்கு, பிறகு ஒமிக்ரான் தொற்று வந்தபோது அதனால் நோயெதிர்ப்பு எதிர்பார்த்த அளவு உயரவில்லை. உடம்பு முதலில் பார்த்த வைரஸின் சாயலிலேயே அடுத்ததையும் பார்த்தது. ஆகவே ‘ஊசி நல்லது’ என்ற பொதுச் செய்தி மட்டும் போதாது. யாருக்கு, எதற்குப் பிறகு, எப்போது என்பதும் சேர்ந்தால்தான் அது முழுச் செய்தி.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சந்தேகத்துக்கு வருவோம். 2025 கோடையில் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து மாரடைப்பு மரணங்கள் நிகழ்ந்தன. கொரோனா தடுப்பூசிக்கு அவசரமாக அனுமதி தந்ததும் காரணமாக இருக்கலாம் என்று ஜூலை 1 அன்று முதல்வர் சித்தராமையா சொன்னார். அந்தக் காணொளி மறுநாளே ஓசூர்க் கைப்பேசிகளில் சுற்றியிருக்கும் என்று நம்பலாம். கன்னடச் செய்திக்கு இங்கே மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஆனால் சென்னையில் இயங்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இந்தக் கேள்விக்கு 2023லேயே விடை தேடியிருந்தது. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரை, அதே வயதும் பாலினமும் வட்டாரமும் கொண்ட 2,916 பேருடன் ஒப்பிட்டார்கள். தடுப்பூசியால் திடீர் மரண ஆபத்து கூடவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களுக்கு அது குறைந்தே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவற்றில் ஒன்று, கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்த வரலாறு.

அதாவது பயப்பட வேண்டியது கடுமையாக வந்துபோன நோய்க்கு. பயப்பட்டுக்கொண்டிருப்பதோ ஊசிக்கு. தமிழ்நாட்டுக் காவல் துறையின் கணக்கு இதை இன்னும் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. 2021இன் இரண்டாம் அலையில், மே 14 வரை, 1,17,524 காவலர்களில் 31 பேர் கொரோனாவால் இறந்தார்கள். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர். ஒரு ஊசி போட்ட 32,792 பேரில் ஏழு பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் நான்கு பேர். தெருவில் நின்று வேலை பார்த்த நம் ஊர் காவலர்களின் கணக்கு இது. ஹாசன் செய்தியைப் பகிர்கிறவர்கள் இந்த எண்களையும் பகிர வேண்டும்.

கொரோனா இப்போது பின்வாங்கிவிட்டது, இதையெல்லாம் ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். டெங்குதான் காரணம். நோய் வந்த உடம்பா, வராத உடம்பா என்ற கேள்வி உயிர் தொடர்பான கேள்வியாக மாறுவது அங்கேதான்.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்பு. ஆனால் அப்போது உருவான ஆன்டிபாடிகள் வேறொரு வகை டெங்குவை அரைகுறையாகப் பற்றி, அது செல்லுக்குள் நுழையவே உதவிவிடலாம். இரண்டாம் முறை வரும் டெங்கு பலருக்கு மோசமாவதற்கு இது முக்கியக் காரணம். இதை முழுதாக உணராமல் பெரிய விலை கொடுத்த நாடு பிலிப்பைன்ஸ். 2016 ஏப்ரலில் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு அங்கே டெங்வாக்சியா தடுப்பூசி போடப்பட்டது. 2017 நவம்பரில் அதைத் தயாரித்த சனோஃபி நிறுவனமே ஒரு செய்தியை வெளியிட்டது: முன்பு டெங்கு வந்தவர்களுக்கு இந்த ஊசி பாதுகாப்பு, வராதவர்களுக்குப் பின்னாளில் டெங்கு வந்தால் தீவிரமாகும் ஆபத்து கூடுதல். நோயே வராத உடம்பில் அந்த ஊசி முதல் டெங்குபோலச் செயல்பட்டுவிட்டது. திட்டம் நின்றது. பெற்றோர் எல்லா ஊசிகளையும் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். 2019இல் தட்டம்மை வந்து பிலிப்பைன்ஸில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது.

நம் பக்கம் என்ன நிலை? 2017-18இல் சென்னைத் தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று 15 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், தென்னிந்தியாவில் 76.9 சதவீதம் பேர் டெங்குவை ஒருமுறையாவது சந்தித்திருந்தார்கள். நாட்டின் சராசரி 48.7 சதவீதம்தான். 2017இல் தமிழ்நாட்டில் மட்டும் 23,294 பேருக்கு டெங்கு, 65 மரணம். 2024 செப்டம்பரில் கர்நாடகம் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. இந்தச் சூழலுக்குள்தான் புதிய தடுப்பூசிகள் வரப்போகின்றன. பனேசியா பயோடெக் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து டெங்கிஆல் தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனையை 2024 ஆகஸ்டில் ரோத்தக்கில் தொடங்கின. 10,000க்கும் மேற்பட்ட வயதுவந்தவர்களைச் சேர்த்து இரண்டு ஆண்டு பின்தொடரும் பரிசோதனை அது. ஜப்பானின் டகேடா நிறுவனத்தின் கியூடெங்காவை ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் இ தயாரிக்க ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. கியூடெங்காவிலும் இதே வேறுபாடு உண்டு. முன்பு டெங்கு வராதவர்களிடம் மூன்றாம் வகை டெங்குவுக்கு எதிராக அது பலன் காட்டவில்லை.

ஓசூருக்கு இதில் என்ன தனிக் கவலை என்றால், இங்கே இரண்டு வகை உடம்புகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் வளர்ந்தவருக்குப் பெரும்பாலும் டெங்கு வந்துபோயிருக்கும், அவருக்கே தெரியாமல்கூட. 2022இல் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பழைய ஆலைகளைச் சுற்றிய சிறு பட்டறைகளில் ஒடிஷா, பிஹார், வங்கத்து இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். தென்னிந்தியாவுக்கும் மற்றப் பகுதிகளுக்கும் டெங்கு அனுபவத்தில் இருக்கும் வித்தியாசத்தை மேலே பார்த்தோம். இங்கே டெங்கு தடுப்பூசி வரும் நாளில், ‘எல்லோரும் வரிசையில் நில்லுங்கள்’ என்ற முகாம் முறை போதாது.

செய்ய வேண்டியது மலைப்பான வேலையும் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். 2024இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்து, வேலையிடத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே மேசையில் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம்: டெங்கு என்று பரிசோதனையில் தெரிந்து சிகிச்சை எடுத்தீர்களா, கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தீர்களா, எந்த ஆண்டு? ஆலை மருந்தகத்தில் காய்ச்சலுக்கு எடுக்கும் டெங்கு பரிசோதனையின் முடிவு, ஒப்பந்தம் முடிந்ததும் மருந்தகக் கோப்போடு முடங்கிவிடக் கூடாது. தொழிலாளியின் கையில் ஓர் அட்டையாகவோ, அவருடைய ஆபா என்ற டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்ணிலோ அது ஏற வேண்டும். அத்திப்பள்ளி பக்கம் வேலை மாறிப் போனாலும் கர்நாடக மருத்துவர் அதைப் படிக்க முடிய வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, அதன் வழியே இதைத் தொடங்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களை ஆரம்ப சுகாதார நிலையம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் கூடவே வேண்டும். இந்தப் பதிவு நிறுவனத்தின் மனிதவளத் துறைக்குப் போகக் கூடாது. ‘இவருக்கு ஏற்கெனவே கடுமையான நோய் வந்திருக்கிறது’ என்று தெரிந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் பெயரை விட்டுவிட ஒரு கண்காணிப்பாளருக்கு அதிக நேரம் ஆகாது. பதிவு தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் மட்டும் உரியது என்று தெளிவாக எழுதி, அட்டையிலேயே தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் கன்னடத்திலும் அச்சிட வேண்டும்.

டெங்கிஆல் முடிவு வந்து, அனுமதி கிடைத்து, ஊசி மாவட்டக் கிடங்குக்கு வருவதற்குள் ஒன்றிரண்டு மழைக்காலம் கடந்துபோகும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் சில நூறு பேரின் டெங்கு பரிசோதனை முடிவாவது இந்த மாவட்டத்தில் காகிதமாகப் பிறந்து காணாமல் போகிறது. வருகிற அக்டோபரிலிருந்தே அவற்றைச் சேர்த்துவைக்க மாவட்டச் சுகாதாரத் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.